விழுங்கிக் காட்டு

தியாகுவின் செங்குழியங்கள் மறுபடி சிறுத்துவிட்டன. போன மாதம் லேசாகச் சந்தேகம் வந்தபோது சாயம் சரியில்லை என்று சாயப் போத்தலைத் திட்டினேன். இந்த முறை திட்டுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. எண்ணும் மெஷினும் சிறுத்துவிட்டது என்றது, நுணுக்குக்காட்டியும் அதையே காட்டியது. நடுநடுவே அந்தப் பாழாய்ப்போன அரிவாள்கள் வேறு, கூனிக்கொண்டு கிடந்தன.

கண்டியில் திருகோணமலை வீதியில் டொக்டர் விஜேகோனின் கிளினிக் இருந்தது. அதன் பின்னறைதான் என் லாப். ஒரு சன்னல், ஒரு குளிர்ப்பெட்டி, ஒரு எண்ணும் மெஷின், ஒரு நுணுக்குக்காட்டி, நான். பெயர் பத்மாதேவி. பிறந்தது யாழ்ப்பாணத்துக் கோப்பாயில். படிக்க வந்த இடத்தில் வேலையும் கிடைத்து, மற்றவர்களின் இரத்தத்தைப் பார்த்தே தலை நரைத்தவள். எழுபத்தேழுக் கலவரத்தில் ஓடினேன், எண்பத்துமூன்றில் ஓடினேன், இரண்டு தடவையும் திரும்பி வந்தேன். அதற்குக் காரணம் தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வேறு போக்கிடம் இல்லை, அவ்வளவுதான். இப்போது தொண்ணூறுகளும் முடிந்துவிட்டன, யுத்தம் முடியவில்லை. அடையாள அட்டையைக் காட்டிக் காட்டி அதன் ஓரமே தேய்ந்துவிட்டது.

தியாகு ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து இளந்தாரி. மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. அவன் தகப்பன் மூக்கையாவின் இரத்தத்தில் ஒரு பிழை, தாய் வடிவம்மாவின் இரத்தத்தில் இன்னொரு பிழை. இரண்டு பேருக்கும் அதனால் ஒரு தலையிடிகூட இல்லை. இரண்டு பிழையும் சேர்ந்து இறங்கியது இவனில். நல்ல செங்குழியம் மெத்தென்று இருக்கும், எந்தச் சின்னக் குழாய்க்குள்ளும் நெளிந்து போய்விடும். இவனுடையவை குளிர் பட்டாலோ, தண்ணீர் குறைந்தாலோ, மூச்சு வாங்க மலை ஏறினாலோ விறைத்து அரிவாளாக வளைந்து, போகிற வழியில் சிக்கிக்கொள்ளும். பின்னால் வருபவையும் சிக்கும். அப்போது எலும்புக்குள் ஒரு வலி வரும். அடுத்த காம்பராவுக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்று துவாயைக் கடித்துக்கொண்டு கிடப்பானாம். ஹந்தானையில் குளிருக்கும் ஏற்றத்துக்கும் என்ன குறை?

ஹைட்ரொக்சியூரியா என்ற மருந்தை டொக்டர்தான் இவனுக்குத் தொடங்கினார். இந்த நோய்க்கு அது புதிது. இங்கிலாந்தில் இருக்கும் அவருடைய கூட்டாளி ஒருவர் ஒவ்வொரு போத்தலாக அனுப்புவார். தாயின் வயிற்றில் இருக்கும்போது நம் எல்லோருக்கும் ஓடுவது வேறு வகை ஹீமோகுளோபின். பிறந்து கொஞ்ச மாதத்தில் உடம்பு அதை மறந்துவிடும். இந்த மருந்து உடம்புக்கு அதை மறுபடி நினைவூட்டும். அந்தப் பழைய ஹீமோகுளோபின் இருக்கிற குழியம் லேசில் வளையாது. ஆளும் கொழுத்துப் பெரிதாக இருக்கும். அதனால் ஒருவர் மருந்தை ஒழுங்காக எடுக்கிறாரா என்று வாயைக் கேட்கத் தேவையில்லை, குழியத்தின் பருமனைப் பார்த்தால் போதும்.

தொடங்கிய வருடம் தியாகுவின் குழியங்கள் பருத்தன. வலி போன இடம் தெரியவில்லை. கடையில் சீமெந்துப் பை தூக்கினான். முதல் தடவையாக அவன் சிரித்ததை நான் பார்த்தேன், பல்வரிசை நல்ல வரிசை. இப்போது திரும்பவும் அரிவாள்கள். போன கிழமை மறுபடி வலி வந்து கடைக்குப் போகவில்லை.

டொக்டர் சிலைட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பத்மா, இது இவனுக்கு வேலை செய்யவில்லை. சிலருக்கு அப்படித்தான். கம்பளையில் ஒரு சின்னப் பெண் இந்த மருந்துக்குக் காத்திருக்கிறாள். அடுத்த மாதத்தோடு இவனுக்கு நிறுத்திவிட்டு அவளுக்குக் கொடுப்போம்."

நியாயமான மனிதர். நியாயமானவர்கள் சொல்வதை மறுத்துப் பேசுவதுதான் கஷ்டம். ஒரு மாதம் பொறுங்கள் என்று மட்டும் கேட்டேன்.

தியாகுவைப் பின்னறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். "தம்பி, குளிசை போடுறியா இல்லையா? எனக்குப் பொய் சொல்லாதை. உன்ர இரத்தம் உன்னை விட வாயாடி."

"அம்மா கையால தெனம் எடுத்துக்கிறேங்க மிஸ். சத்தியமா." சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தான். பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை என்று தெரிந்தது. தாயைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன்.

வடிவம்மா கொழுந்து எடுக்கிறவள். விரல் நுனியெல்லாம் கறை. கதிரையில் இருக்கச் சொன்னால் இருக்க மாட்டாள், சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். நான் அவளைப் பிடித்து இழுத்து நுணுக்குக்காட்டியில் கண்ணை வைக்கச் செய்தேன்.

"இது என்னாங்க மிஸ், அருவா மாதிரி?"

"அதுதான் உங்கட பிள்ளையின்ர வருத்தம். குளிசை போட்டால் இது குறைய வேணும். குறையேல்லை. டொக்டர் மருந்தை நிப்பாட்டப் போறார். இப்ப சொல்லுங்கோ, என்ன செய்யிறியள்?"

அவள் இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் மேசையில் வைத்தாள். பேப்பரில் மடித்த திருநீறு. கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலில் கொடுப்பது.

"இதுல இருக்குதுங்க" என்றாள்.

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. போன வருடம் ஹந்தானை ரோட்டுச் செக்பொயின்டில் தியாகுவின் சட்டைப்பையில் அந்தக் கெப்சூல்களைப் பிடித்துவிட்டார்கள். பாதி பச்சை, பாதி இளஞ்சிவப்பு, ஒரு தாளில் சுற்றியிருந்தது. தமிழ் இளந்தாரி, கையில் கெப்சூல். கழுத்தில் சயனைட் குப்பி கட்டுகிறவர்களின் கதையைக் கேட்டுக் கேட்டுப் பயந்துபோன சிப்பாய்க்கு வேறு என்ன தோன்றும்? மழையில் முழங்காலில் நிற்க வைத்துவிட்டார்கள். டொக்டருக்கு டெலிபோன் பேசி அவனை விடுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அந்தக் குளிரில் வந்த வலி ஒரு கிழமை இருந்தது.

அதற்குப் பிறகு வடிவம்மாவே மருந்தை வாங்கிப் போகத் தொடங்கினாள். கோவிலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு கெப்சூலாகப் பிரித்து, தூளைத் திருநீற்றில் கொட்டிக் கலந்து, வெறும் கூட்டை ஓடையில் எறிந்துவிடுவாளாம். வெறுங்கையால் தொடக்கூடாத தூள் அது. திருநீற்றை எந்தச் சிப்பாயும் பிரித்துக் கொட்டமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதில் அவள் கணக்குச் சரிதான்.

"செக்பொயின்டுல ஒரு பெரிய தொரை இருக்காருங்க. அவரு கதிர்காமத்துக்குப் போறவராம். பொட்டலத்தப் பாத்ததும் கைய நீட்டிட்டாரு. சாமி துன்னூற இல்லன்னு சொல்ல முடியுங்களா? நெத்தியில பூசி வாயிலயும் கொஞ்சம் போட்டுக்கிட்டாரு."

"அடக் கடவுளே. வீட்டிலை?"

"எங்க வீட்டுக்காரரு காலையில ஒரு கிள்ளு எடுத்துப்பாரு. அப்பறம் லயத்துல..." அவள் குரல் இறங்கியது. "தியாகு எந்திரிச்சு நடமாடுனதப் பாத்துட்டு, இது கட்டுக்கலப் புள்ளையாரு துன்னூறுன்னு எல்லாரும் வந்து கேக்குறாங்க. முட்டிவலிக்காரங்க, காச்சக்காரங்க. எம்புள்ளைக்கு மட்டுந்தான்னு எப்புடிங்க சொல்றது? சாமிப் பொருளாச்சே."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்து இங்கிலாந்திலிருந்து பிளேனில் வந்து ஹந்தானை லயத்து முழங்கால்களுக்கெல்லாம் கிள்ளுக் கிள்ளாகப் போயிருக்கிறது. தியாகுவுக்குக் கிடைத்தது மிச்சம். கர்ப்பிணிகள் யாரும் வாங்கவில்லையே என்று இரண்டு தரம் கேட்டேன். இல்லை என்று பிள்ளையார் மேல் சத்தியம் செய்தாள். அந்த மட்டில் தப்பியது.

நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை, அலுப்பு. பிள்ளைக்கு மருந்து கொடுக்கத் தாய் திருநீற்றுக்குள் ஒளிக்க வேண்டிய நாட்டில் யாரைப் பார்த்துக் கத்துவது?

அன்றே ஒரு வழி செய்தேன். போத்தல் இனி என் லாப்பில் இருக்கும். தியாகு கடையில் மத்தியானச் சாப்பாட்டுக்கு விடும்போது இங்கே வந்து, என் முன்னால் விழுங்கிவிட்டுப் போக வேண்டும். செக்பொயின்டில் அவன் பையில் சோற்றுப் பார்சலைத் தவிர எதுவும் இருக்காது. டொக்டர் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். கம்பளைப் பெண்ணுக்கு வேறு போத்தல் கேட்டு எழுதினார்.

தியாகு நாள் தவறாமல் வந்தான். விழுங்குவான், ஒரு செம்பு தண்ணீர் முழுக்கக் குடிக்க வைப்பேன், அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் சன்னலடியில் இருந்து கதைப்பான். கொங்கிறீட் ஆணிக்கும் சாதாரண ஆணிக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்குச் சொல்லித் தருவான். எனக்கு அது எதற்கு? ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் வரப் பிந்தினால் என் கண் கதவுக்குப் போகப் பழகிவிட்டது. குழியங்கள் மெல்ல மெல்லப் பருத்தன. அரிவாள்கள் அருகிப்போயின. புதுவருடத்துக்கு வடிவம்மா எனக்குத் தோட்டத்துத் தேயிலை ஒரு பை கொண்டுவந்து தந்தாள்.

வைகாசியில் கொழும்பில் ஒரு குண்டு வெடித்தது. அந்தக் கிழமை கண்டியில் கடை கடையாக ஏறித் தமிழ் இளந்தாரிகளை அள்ளினார்கள். மத்தியானம் தியாகு வரவில்லை. நான் சோற்றுப் பார்சலைப் பிரிக்காமல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னேரம் வடிவம்மா மழையில் நனைந்தபடி வந்து என் லாப் வாசலில் குந்திவிட்டாள். நகரத்துக்கு வெளியே ஒரு பொலிஸ் நிலையத்தில் வைத்திருக்கிறார்களாம். போய்ப் பார்த்தாளாம், விரட்டிவிட்டார்களாம். சிங்களமும் அவளுக்குச் சரியாக வராது.

"சிமெந்துத் தரையில போட்டிருக்காங்க மிஸ். மேலுக்கு ஒரு போர்வ இல்ல. வலி வந்துருச்சுன்னா செத்துருவான் மிஸ்."

செத்துவிடுவான் என்பது தாயின் பயம் மட்டுமில்லை. மழைக் குளிர், குடிக்கத் தண்ணீர் கேட்டால் அடி, மருந்தும் இல்லை. அந்தக் குழியங்கள் மறுபடி சிறுத்து வளையத் தொடங்கினால், நுரையீரலில் சிக்கினால், ஒரே நாளில் ஆள் போய்விடலாம். எனக்கு அது தெரியும். தெரிந்ததுதான் என் தொல்லை.

டொக்டர் அந்தப் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியோடு டெலிபோனில் பேசினார். நெடுநேரம் பேசினார், கெஞ்சினார். கடைசியில் அனுமதி கிடைத்தது. போத்தலை அங்கே வைக்க முடியாது, ஒவ்வொரு நாளும் ஒருவர் கொண்டுவந்து கொடுக்கலாம். டொக்டருக்குக் காலையில் ஆஸ்பத்திரி, பின்னேரம் கிளினிக். மிச்சம் நான்.

நான் குடியிருந்தது பாயிஸாவின் வீட்டு மாடியறையில். புருஷனை இழந்தவள், கட்டுக்கலையில் வீட்டோடு தையல் செய்கிறவள். விஷயத்தைக் கேட்டதும் தையல் மெஷினை நிறுத்திவிட்டாள்.

"உங்களுக்குப் பைத்தியமா அக்கா? ஐடென்டியில யாழ்ப்பாணம் எண்டு இரிக்கி. கையில குப்பி மாதிரி ஒண்ட வெச்சிக்கிட்டு நீங்களே பொலிஸுக்குப் போறதா? பொடியன விட்டுட்டு உங்களப் புடிச்சிப் போடுவானுகள்."

"ஓம், தெரியும்" என்றேன். பயமாகத்தான் இருந்தது. இரண்டு கெப்சூல்களை ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டேன், ஒன்று தவறி விழுந்தால் மற்றது இருக்கட்டும் என்று. அந்த முன்யோசனைதான் எனக்கு வினையாக வந்தது.

பொலிஸ் நிலையத்தில் மேசைக்குப் பின்னால் ஒரு சார்ஜன்ட் இருந்தார். வயதானவர், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத பைகள். என் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். டொக்டரின் பெயரைச் சொன்னேன். பொறுப்பதிகாரி சொன்னது அவருக்கும் தெரிந்திருந்தது. டப்பாவைத் திறந்து கெப்சூல்களை உள்ளங்கையில் உருட்டினார்.

"போன வருடம் ஒருத்தன் இதே மாதிரிக் கூட்டுக்குள்ளே எதையோ விழுங்கிச் செத்தான். நான் டியூட்டியில் இருந்தபோது. இன்னும் எனக்கு விசாரணை நடக்கிறது" என்றார் சிங்களத்தில். பிறகு ஒரு கெப்சூலை எடுத்து என் பக்கம் நீட்டினார். "இஸ்ஸெல்லா நோனா பொன்ன."

முதலில் நீங்கள் குடியுங்கள் என்று சொல்கிறார்.

எனக்கு இந்த நோய் இல்லை, இது எல்லோரும் சாப்பிடுகிற மருந்தில்லை என்று சிங்களத்தில் விளக்கினேன். நான் விளக்க விளக்க அவர் முகம் இறுகியது. அப்போதுதான் புரிந்தது, நான் மறுக்கிற ஒவ்வொரு சொல்லும் அதை நஞ்சாக்குகிறது. கம்பிக்குப் பின்னால் தியாகு நின்றான். உதடு வெடித்திருந்தது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். வலி தொடங்குகிற இடம் அது. எனக்கு அந்த இடம் தெரியும்.

விழுங்கினேன். வாயைத் திறக்கச் சொன்னார், நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னார். அந்த வயதில், அத்தனை பொலிஸ்காரருக்கு நடுவில், பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல நாக்கைத் தூக்கிக் காட்டினேன். சுவரோரத்து மர வாங்கில் கொஞ்ச நேரம் இருக்க வைத்தார்கள். நான் விழுந்து சாகவில்லை என்று திருப்தியானதும் மற்றதைத் தியாகுவிடம் கொடுத்தார்கள். தண்ணீர் நிறைய வேண்டும் என்றேன். சார்ஜன்ட் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, தன் தண்ணீர்ப் போத்தலையே எடுத்துக் கம்பிக்குள் நீட்டினார்.

மறுநாளும் அதேதான். அதற்கடுத்த நாளும். இரண்டில் எதை நான் விழுங்குவது என்று அவர்தான் தெரிவு செய்வார். சில நாள் அவர் கை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும். அவரைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை, அவருக்கும் பயம். பயந்தவர்களுக்கு நடுவில் தினமும் பஸ் பிடித்துப் போய்வந்தேன். மழை விடவில்லை. காலையில் எழும்பினால் வயிற்றைப் புரட்டும், வாய் புண்ணாகும், பாயிஸா கொண்டுவருகிற பிட்டைப் பாதியில் வைத்துவிடுவேன். தியாகு மட்டும் கம்பியைப் பிடித்தபடி நேராக நின்றான். வலி அங்கேயே நின்றுவிட்டது, மேலே ஏறவில்லை.

"அம்மாட்ட சொல்லாதை" என்று அவனிடம் ஒருநாள் தமிழில் சொன்னேன். தலையாட்டினான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது, எனக்கு எரிச்சலாக வந்தது. அழுது உடம்பில் இருக்கிற தண்ணீரைக் குறைக்காதே என்று ஏசிவிட்டு வந்தேன்.

ஒரு போத்தல் வழக்கமாக வருகிற நாட்களில் பாதியிலேயே முடிந்துவிட்டது. டொக்டர் வெறும் போத்தலைத் தூக்கிப் பார்த்தார். "இரண்டு மடங்காகக் கொடுக்கிறீர்களா பத்மா? ஆளைக் கொன்றுவிடுவீர்கள்."

சொன்னேன். அவர் உடனே பொறுப்பதிகாரிக்குப் பேசப் போவதாக டெலிபோனைத் தூக்கினார். அவர் கையைப் பிடித்து வைக்கச் செய்தேன். பேசினால் சார்ஜன்டுக்கு ஏச்சு விழும், ஏச்சு விழுந்தால் மருந்தே உள்ளே போகாது. நடக்கிறதைக் கெடுக்க வேண்டாம். அவர் அடுத்த மாதத்துக்கு வைத்திருந்த போத்தலை எடுத்து என் கையில் தந்தார்.

"உங்கள் இரத்தத்தையும் பாருங்கள். இது கட்டளை" என்றார்.

பார்க்கிறேன் என்றேன், பார்க்கவில்லை. இந்த மருந்து வெள்ளைக் குழியங்களை இறக்கும்; இறங்கியிருந்தால் நிறுத்த வேண்டி வரும். நிறுத்தினால் தியாகுவுக்கும் நின்றுவிடும். தெரியாமல் இருப்பதுதான் வசதி. மற்றவர்களிடம் பிழை பிடிக்கிற எனக்கு அந்த வசதி நன்றாகவே பிடித்துப்போயிற்று.

பெரஹரா ஊர்வலத்துக்கு யானைகள் வந்து வாவிக் கரையில் கட்டப்பட்ட காலத்தில் ஒருநாள் பாயிஸா என் கையைப் பிடித்துப் பார்த்தாள். "இது என்ன அக்கா, நகமெல்லாம் கறுத்துக் கோடு கோடா இரிக்கி?"

இந்த மருந்து நகத்தைக் கறுக்க வைக்கும். தியாகுவின் நகத்தில் நான் பார்த்த அதே கோடு. கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன்.

பெரஹரா முடிந்து அடுத்த கிழமை தியாகுவை விட்டார்கள். ஏன் பிடித்தார்கள் என்றும் சொல்லவில்லை, ஏன் விட்டார்கள் என்றும் சொல்லவில்லை. அன்று காலை எனக்குப் பஸ் பிடிக்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. கை சும்மா இருந்தது. சரி, இனிப் பார்த்தாலென்ன என்று என் விரலைக் குத்தி, ஒரு சிலைட் பூசி, சாயம் போட்டு, நுணுக்குக்காட்டியில் வைத்தேன். எல்லாம் பெரியவை, கொழுத்தவை. பெயர் எழுதாமல் யாராவது தந்திருந்தால், ஹைட்ரொக்சியூரியா எடுப்பவர், ஒழுங்காக எடுக்கிறார் என்று எழுதிக் கொடுத்திருப்பேன். வெள்ளைக் குழியங்கள் குறைந்துதான் இருந்தன, ஆனால் ஆபத்தில்லை. அப்படியே கண்ணை எடுக்காமல் இருந்தேன்.

அப்போது தியாகுவும் வடிவம்மாவும் வந்தார்கள். அவன் மெலிந்திருந்தான், ஆனால் சொந்தக் காலில் நடந்து வந்தான். அவனை உட்கார வைத்து இரத்தம் எடுத்தேன். நான் அவன் கைக்குப் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தபோது வடிவம்மா யாரையும் கேட்காமல் நுணுக்குக்காட்டியிடம் போய்க் கண்ணை வைத்துவிட்டாள். ஒருமுறை காட்டியதை அவள் மறக்கவில்லை.

"அடியாத்தே!" என்றாள். "ஒரு அருவாகூட இல்லீங்களே மிஸ்! எல்லாம் கொழுகொழுன்னு, வட்ட வட்டமா. எம்புள்ள ரத்தம் எப்புடி ஆயிருச்சு பாருங்க. மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா. அப்ப இனிமே மருந்து வேணாங்கல்ல?"

அந்தக் கடைசிக் கேள்வி மட்டும் இல்லாவிட்டால் அவளை அந்தச் சந்தோஷத்திலேயே விட்டிருப்பேன். ஆனால் விட்டால் நாளைக்கே மருந்தை நிறுத்திவிடுவாள்.

"அது உங்கட பிள்ளையின்ர இரத்தம் இல்லை, வடிவம்மா. அவன்ரை இனித்தான் பார்க்க வேணும். கொஞ்சம் அரிவாள் இருக்கத்தான் செய்யும். மருந்து விடக் கூடாது. அது என்ர இரத்தம்."

அவளுக்கு விளங்கவில்லை. "ஒங்களுக்கும் இந்த வியாதியா மிஸ்?"

நான் பஞ்சை இன்னும் அழுத்தினேன். தியாகுதான் சொன்னான், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "ஸ்டேசன்ல மொதல்ல மிஸ் முழுங்கிக் காட்டணும்மா. காட்டுனாத்தான் எனக்குத் தருவாங்க. நாக்கத் தூக்கிக் காட்டச் சொல்லுவாங்க. தெனமும்."

வடிவம்மா என் பக்கம் வந்தாள். பஞ்சை அழுத்தியிருந்த என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பி நகங்களைப் பார்த்தாள். அவள் விரல்களில் கொழுந்துக் கறை, என் விரல்களில் மருந்துக் கறுப்பு. எனக்கு அழுகை வந்தது. எத்தனையோ வருடமாக வராதது, பொலிஸ் நிலையத்திலும் வராதது, மூக்கை உறிஞ்சினாலும் நிற்கவில்லை.

அவள் இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். நான் அறியாமலே கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும்.

"வெறும் துன்னூறுதாங்க மிஸ். வர்ற வழியில கோயில்ல குடுத்தாங்க. ஒண்ணும் கலக்கல" என்றாள். நான் நம்பியது அவளுக்குப் போதவில்லை போலும். ஒரு சிட்டிகை எடுத்து முதலில் தன் வாயில் போட்டு விழுங்கினாள். பிறகு வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, எனக்குக் காட்டினாள்.

அதன் பிறகு இன்னொரு சிட்டிகை எடுத்தாள். நான் வாயைத் திறந்தேன்.